சீனி ஒரு பொட்டு இல்ல

பைய நகட்டணுமா சார்? கால்ல இடிக்குதா? செத்த இருங்க, நானே மடியில வச்சுக்கிறேன். ஒண்ணுமில்ல, பித்தளைத் தாம்பாளம். வண்டி குலுங்குறப்பல்லாம் உரசிக்கிட்டுச் சத்தம் போடுது. ஏழு இருக்கு. ஒண்ணுல பட்டுப்பாவாடையும் கம்மலும். மத்த ஆறும் வெறும் தாம்பாளம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. காதுகுத்துக்குப் போற தாய்மாமன் வெறுந்தாம்பாளத்தத் தூக்கிட்டுப் போறத நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. நானும் பாத்ததில்ல. எங்க பக்கம் தாய்மாமன் சீர்னா தேங்கா, பழம், கல்கண்டு, லட்டு, அதிரசம்னு வரிசையாத் தூக்கிட்டு வரணும், முன்னால மேளம் போகணும். அதுலயும் நான் மிட்டாய்க்கடைக்காரன். சாத்தூர்ல சோலையப்பன் மிட்டாய்க்கடைன்னு கேட்டுப் பாருங்க, சின்னப்பிள்ள கூட கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுரும். அப்பேர்ப்பட்டவன் வெறுங்கையோட போறேன். என் கூடப் பிறந்த தங்கச்சி போட்ட உத்தரவு. தின்கிற சாமான் ஒண்ணு கூட வரக்கூடாது, துணியும் கம்மலும் போதும்னு போன்ல சொன்னா. அதோட விட்டாளா? ஊருக்குப் பாதை பிரியிற விலக்குல வண்டிய விட்டு எறங்குனதும் பையத் தொறந்து பாத்துட்டுத்தான் கோயிலுக்குள்ள விடுவாளாம். அண்ணன சார். திருடனச் சோதிக்கிற மாதிரி.

பூவும் மஞ்சளும் தாம்பாளத்துல வைக்கலாம்தான். வைக்க மாட்டேன். ஆறையும் வெறுசா நம்ம சனம் முன்னால பரப்பி வைக்கப் போறேன். பாக்கட்டும். கூடப் பிறந்தவ அண்ணன் மூஞ்சியில எப்பிடிக் கரியப் பூசியிருக்கான்னு எல்லாரும் பாக்கட்டும்.

உங்களுக்கு நேரம் இருக்கா? வேம்படி விலக்கு வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணினேன்னு.

எனக்குப் பிள்ளை இல்ல. சீதாலட்சுமியக் கட்டி இருபத்தி ரெண்டு வருசம் ஆச்சு, இல்ல. அதப் பத்தி நான் பேசுறதில்ல. தங்கச்சி காளீஸ்வரிக்கு ஒரே பொம்பளப்பிள்ள, தன்யஸ்ரீ. என் மருமக. பிறந்தன்னைக்கு அந்தப் பிள்ளைக்குச் சேனை வச்சது நான்தான். உங்க பக்கம் உண்டா? பச்சப்பிள்ள வாயில முதமுதல்ல சீனித் தண்ணியத் தொட்டு வைக்கிறது. யாரு வைக்கிறாங்களோ அவுக குணம் பிள்ளைக்கு வரும்பாங்க. அதுக்குன்னு ஆளப் பாத்துத்தான் கூப்பிடுவாங்க. தங்கச்சி என்னைக் கூப்பிட்டா. என் அண்ணன் மாதிரி மனசு வரட்டும்னு சொன்னா. அவளே சொன்னது சார், நான் சேத்துச் சொல்லல.

கடைச் சீனியிலயே நல்ல சீனியா எடுத்து, காச்சி ஆற வச்ச தண்ணியில கரைச்சு, மூணு சொட்டு. பிள்ள கக்கிருச்சு. பச்சப்பிள்ள கக்கத்தான செய்யும்? அப்ப ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணல. தாய்ப்பால் குடிச்ச வரைக்கும் கொழுகொழுன்னுதான் இருந்தா. ஆறாம் மாசம் பழம் மசிச்சு ஊட்ட ஆரம்பிச்சாங்க பாருங்க, அன்னைக்குப் பிடிச்சது சனியன். வாந்தி, மஞ்சக் காமாலை, வயிறு வீக்கம். எங்கெங்கயோ காட்டி, கடைசியில மதுரையில ஒரு டாக்டரம்மா கண்டுபிடிச்சாங்க. பிறவியிலேயே வர்றதாம். பழத்துல இருக்கிற சர்க்கரை அவ உடம்புக்கு ஆகாது. செரிக்காம ஈரல்ல போயி விசமா நின்னுரும். நாம போடுற சீனியிலயும் பாதி அதுதானாம். அதனால சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன், பழம் எதுவும் கூடாது. சோறு சாப்பிடலாம், பால், முட்டை, கறி சாப்பிடலாம். அவ்வளவுதான்.

யாரு வீட்டுப் பிள்ளைக்கு வந்திருக்கு பாருங்க. மிட்டாய்க்கடைக்காரன் மருமகளுக்கு.

கடைக்கு வந்தா என் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருவா. சுத்திலும் மிட்டாய்த் தட்டு. ஒண்ணத் தொட மாட்டா. அந்த நோவுள்ள பிள்ளைகளுக்கு இனிப்புன்னாலே குமட்டுமாம், உடம்பே காட்டிக் குடுத்துருமாம். வாடிக்கைக்காரங்க, பாப்பாவுக்கு ஒரு துண்டு குடுங்க அண்ணாச்சின்னு சொல்லுவாங்க. அவ வாயப் பொத்திக்கிட்டுத் தலைய ஆட்டுவா. எனக்கு எப்பிடி இருக்கும்? ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் நான் குடுக்கிறேன், என் கையால என் பிள்ள ஒரு வாய் திங்கல. அஞ்சாறு வருசம் பொறுத்துப் பாத்தேன் சார்.

போன ஆடியில மாப்ள ஜெயக்கொடியோட அப்பாவுக்கு மதுரையில கண் ஆபரேசன். மாப்ளயும் தங்கச்சியும் போகணும். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுல விட்டா. விட்டதோட ஒரு தாளக் கொண்டாந்து அடுப்படி அலமாரிக் கதவுல ஒட்டுனா. எதைக் குடுக்கலாம், எதைக் குடுக்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கமா எழுதி, அடியில கொட்ட எழுத்துல, கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருந்தா. யாரு வீட்டுல வந்து எதை ஒட்டுறா பாருங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் அதப் படிக்கல. சீதா படிச்சா, அவளுக்கு அதெல்லாம் மனப்பாடம்.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடி நான் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தேன். அங்க ஒரு பெரிய கடையில சுகர் ஃப்ரீ பலகாரம்னு தனியா ஒரு கண்ணாடி அலமாரி வச்சிருந்தாங்க. அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. சீனி ஆகாதுன்னா சீனி இல்லாத இனிப்பு ஒண்ணு குடுத்தா என்ன? நான் ஏமாந்துட்டேன்னு நினைக்காதீங்க, விசாரிச்சுத்தான் வாங்குனேன். கடைப்பையன்கிட்ட இல்ல, பெரியவர்கிட்டயே கேட்டேன். பிள்ளைக்குச் சர்க்கரை ஆகாது அண்ணாச்சி, இதைக் குடுக்கலாமான்னேன். சின்னப்பிள்ளைக்குச் சர்க்கரையா, அடப் பாவமேன்னாரு. ஆமான்னேன். அவுகளுக்குன்னே போடுறதுதான், சீனி ஒரு பொட்டு இல்ல, தாராளமாக் குடுங்கன்னாரு.

இப்பப் புரியுதா சார்? எங்க பக்கம் வெள்ளையா இருந்தா சீனி. பழுப்பா இருந்தா நாட்டுச் சர்க்கரை. வெறுமனே சர்க்கரைன்னா வியாதி. ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாத்தையும் சர்க்கரைன்னே சொல்றாங்க. நானும் அவுக பேச்சையே பேசிட்டேன். நான் பண்டத்தச் சொன்னேன், அவரு வியாதியச் சொன்னாரு. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம், தலைய ஆட்டிக்கிட்டோம். இதுல என் தப்பு எங்க இருக்கு?

முந்திரி பர்பி. டைமன் டைமனா வெட்டி, கட்டம் போட்ட பெட்டியில ஒவ்வொரு கட்டத்துல ஒண்ணு. வீட்டுக்கு வந்து நான் ஒண்ணத் தின்னு பாத்தேன். நல்ல இனிப்பு. ஆனா நாக்குல லேசா ஒரு குளிர்ச்சி. சீனி அப்பிடிக் குளிராது. சீனிய நாக்குல வச்சாலே எந்த மில்லுச் சரக்குன்னு சொல்றவன் நான், எனக்குத் தெரியாதா? இனிப்புன்னு ஒண்ணு இருந்தா அதுக்குப் பின்னால ஒரு சரக்கு இருக்கணும்ல. என்ன சரக்குன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். பெறகு கடைக்கு நேரமாச்சுன்னு பெட்டிய மூடி என் சட்டை அடுக்குக்குப் பின்னால வச்சுட்டேன். ஏன் அங்க வச்சேன்னு சீதா பின்னால கேட்டா. எறும்பு வருமேன்னுதான் வச்சேன்.

சனிக்கிழமை காலையில தங்கச்சியும் மாப்ளயும் கிளம்பிட்டாங்க. சீதா குளிக்கப் போனா. பத்து மணி இருக்கும். பிள்ளையக் கூப்பிட்டு நீட்டுனேன். மோந்து பாத்துட்டுத் தள்ளிட்டா.

"மாமா, இது இனிக்கும்."

"இனிக்கும் மருமகளே, ஆனா சீனி இல்ல. மாமா உங்கிட்டப் பொய் சொல்லுவனா?"

என் மூஞ்சியவே பாத்தா. பெறகு வாயத் தொறந்தா சார். கண்ண மூடிக்கிட்டு வாயத் தொறந்தா. ஆறு வருசமா நான் காத்துக்கிடந்தது அதுக்குத்தான். மென்னா, மூஞ்சியச் சுளிச்சா, முழுங்குனா. இன்னொண்ணு குடுத்தேன். அதுக்கப்புறம் இன்னும் ஒண்ணு. மொத்தம் மூணுதான். அம்மாட்டச் சொல்லாத, அத்தைட்டயும் சொல்லாத, மாமனும் மருமகளும் மட்டும்னேன். என் உள்ளங்கையில கைய வச்சுச் சத்தியம் பண்ணுனா. எனக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு.

பன்னெண்டு மணிக்கு வாந்தி எடுத்தா. வயித்தப் புடிச்சுக்கிட்டு சுருண்டுட்டா. உடம்பெல்லாம் வேர்வை, கையி வெடவெடன்னு நடுங்குது. சீதா ஓடிவந்து, ஏங்க, பிள்ளைக்கு எதாச்சும் குடுத்தீங்களான்னா. சீனி ஒரு பொட்டுக் குடுக்கலன்னேன். உண்மைதான சார்? தங்கச்சிக்குப் போன் போட்டோம். என்ன தின்னான்னு கேளுங்கன்னு கத்துறா. சீதா மறுபடி என்னைக் கேட்டா. குலதெய்வத்து மேல சத்தியம், சீனி குடுக்கலன்னேன். அதுவும் உண்மைதான். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம்.

அங்க இருந்தவங்களும் ஒரு டாக்டரம்மாதான். தங்கச்சி போன்லயே எல்லாத்தையும் சொல்லியிருந்ததுனால பிள்ளையோட நோவு அவங்களுக்குத் தெரியும். ரத்தத்துல சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கியிருக்குன்னாங்க. இதக் கேளுங்க, சர்க்கரை ஆகாத பிள்ளைக்குச் சர்க்கரை குறைஞ்சிருச்சாம். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ஒரு பாட்டிலத் தொங்கவிட்டு ஏத்துனாங்க. ஐயோ, அது என்னன்னு கேட்டேன். குளுக்கோஸ்தான், குளுக்கோஸ் இந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கும்னாங்க. அத நான் நல்லா மனசுல வாங்கிக்கிட்டேன். பெறகு எல்லாரையும் பாத்து, இனிப்பா எதாவது தின்னாளான்னு கேட்டாங்க. சீதா என்னையப் பாத்தா. சீனி சேத்தது எதுவும் இல்லம்மான்னு சொன்னேன். குனிஞ்சு பிள்ளைகிட்டயே கேட்டாங்க. கண்ணு, மாமா வீட்டுல எதாவது சாப்பிட்டியா?

பிள்ள என்னையப் பாத்தா. வாந்தி எடுத்து எடுத்து உதடெல்லாம் காஞ்சு கிடக்கு. என்னையப் பாத்துட்டுத் தலைய ஆட்டுனா. இல்லன்னு.

ஆறு வயசுப் பிள்ள சார். அந்த வேதனையிலயும் குடுத்த வாக்கக் காப்பாத்துனா. என்னைக் காட்டிக் குடுக்கல. நான் சேனை வச்ச பிள்ள, என் குணம். எனக்கு அப்ப அழுகையும் வந்துச்சு, ஒரு பக்கம் பெருமையாவும் இருந்துச்சு.

இனிப்புத் திங்கலன்னா இது வேற என்னமோன்னு டாக்டரம்மா தேட ஆரம்பிச்சாங்க. வயித்தப் படம் எடுத்தாங்க. குடல்வாலா இருக்குமோன்னு ஆபரேசன் டாக்டரக் கூப்பிட்டாங்க. காய்ச்சலா, விசப்பூச்சி எதுவும் கடிச்சிருச்சான்னு மேல கீழ பாத்தாங்க. ரெண்டு மணி ஆச்சு, மூணு மணி ஆச்சு. வாந்தி நிக்கல. நான் வாசல்ல நின்னு அழுதேன். சொல்லிருவோமான்னு ஒரு தடவை தோணுச்சு. என்னன்னு சொல்ல? சீனியே இல்லாத பண்டத்தக் குடுத்ததுக்கு நான் எதுக்கு மாட்டிக்கணும்? அதுனால வந்திருக்க முடியாதுன்னு என் மனசுக்கு உறுதியாத் தெரிஞ்சுச்சு. சட்டை அடுக்குக்குப் பின்னால பெட்டி இருக்கே, வீட்டுக்குப் போனதும் அத எங்கயாவது போட்டுரணும்னு மட்டும் நினைச்சேன்.

நாலு மணிக்குத் தங்கச்சியும் மாப்ளயும் மதுரையில இருந்து கார் புடிச்சு வந்து சேந்தாங்க. அவ உள்ள நுழையவும் பிள்ளைக்கு வெட்டு வந்துச்சு. கையும் காலும் இழுத்துக்கிச்சு. அதுக்கு மேல அத நான் சொல்லல சார்.

அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் பிள்ளைக்கு மாத்துத்துணி எடுத்துட்டு வர்றேன்னு சீதா வீட்டுக்குப் போனா. திரும்பி வந்தா பாருங்க, கையில துணி இல்ல. அந்தப் பெட்டி இருக்கு. வராந்தாவுல நான் நிக்கிறேன், என் எதிர்லதான் வர்றா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. என் மூஞ்சியக் கூடப் பாக்கல. நேரா உள்ள போயி, தங்கச்சி, மாப்ள, ஆபரேசன் டாக்டரு, நர்ஸம்மா எல்லாரும் நிக்கிற எடத்துல பெட்டியத் தொறந்து டாக்டரம்மா முன்னால வச்சா. நாலு கட்டம் காலி. ஒண்ணு நான் தின்னது, மூணு பிள்ள தின்னது.

"என் வீட்டுக்காரரு குடுத்திருக்காரும்மா," ன்னா.

இருபத்தி ரெண்டு வருசம் சார். நான் அவள ஒரு சொல்லுச் சொன்னதில்ல. பிள்ளை இல்லன்னு எங்கம்மா பேசுனப்பக் கூட அவளுக்காக நின்னவன். நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டா. என்னையத் தனியாக் கூப்பிட்டு, ஏங்க, இப்பிடி இருக்கே, நீங்களே போயிச் சொல்லிருங்கன்னு சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டனா? அவ ரெண்டு தடவ கேட்டாங்கிறது வேற. அது வீட்டுல கேட்டது. இது அத்தனை பேரு முன்னால. என் வயிறு இன்னைக்கும் எரியுது.

டாக்டரம்மா பெட்டியத் திருப்பி அடியில பொடி எழுத்தாப் போட்டிருந்ததப் படிச்சாங்க. சார்பிட்டால்னாங்க. சீனிக்குப் பதிலாப் போடுற இனிப்பாம். சர்க்கரை வியாதிக்காரங்களுக்குப் பெரிசா ஒண்ணும் செய்யாது. இந்தப் பிள்ளைக்கு மட்டும் உள்ள போனதும் அதே பழச்சர்க்கரையா மாறிரும். சீனி இல்லதான், சீனியவிட நல்லதும் இல்லன்னாங்க. சீனிக்குப் பதிலா போடுறது எல்லாமே இவளுக்கு ஆகாதுன்னு இல்லையாம், காப்பியில போடுற சின்ன மாத்திரையில சிலது ஒண்ணும் பண்ணாதாம். ஆனா இந்த டால், டால்னு முடியிற பேரு எதாவது இருந்தா கிட்டக் கொண்டு போகக் கூடாது, எதுன்னாலும் பின்பக்கம் படிச்சு அவங்களக் கேட்டுட்டுத்தான் குடுக்கணும்னாங்க. அதச் சொல்லிட்டு என்னையப் பாத்து, இத மத்தியானமே சொல்லியிருக்கலாமேன்னாங்க. படிச்சவங்க எதையாவது சொல்லத்தான செய்வாங்க.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. ஈரல் வீங்கி, கண்ணு மஞ்சளாகி, பெறகு தேறிட்டா. தெய்வம் காப்பாத்துச்சு. தங்கச்சி என்னைய அறைக்குள்ள விடல. கதவுகிட்ட வந்து நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"நீ குடுத்தத மன்னிச்சிருவேண்ணே. நாலு மணி நேரம் பாத்துக்கிட்டே நின்ன பாரு."

நான் என்ன சும்மாவா நின்னேன் சார்? அழுதுக்கிட்டுத்தான நின்னேன்.

வீட்டுக்கு வந்து சீதாகிட்டச் சொன்னேன், நீ காட்டிக் குடுத்துட்ட, அந்தப் பச்சப்பிள்ள காட்டிக் குடுக்கல பாரு, அது என் சேனை அப்பிடின்னேன். அவ சோத்தப் போட்டுக்கிட்டு இருந்தா. கரண்டியக் கீழ வச்சுட்டு, "உங்க சேனைதான். அதான் வாயத் தொறக்காமயே சாகப் பாத்துச்சு," ன்னா. அன்னைக்கு நான் சாப்பிடல. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி பேசுறதுக்கு எங்க கத்துக்கிட்டாளோ.

ஒரு வருசம் ஆச்சு. பிள்ளைய என் கண்ணுல காட்டல. சீதா மட்டும் போயிட்டுப் போயிட்டு வருவா, வந்து எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா. இந்தக் காதுகுத்துக்கும் நாலு நாள் முன்னாடியே போயிட்டா. ஏழாவது வயசுலயாவது குத்திரணும்னு வேண்டுதல். தாய்மாமன் மடி இல்லாமக் குத்த முடியாதே, அதுக்காக என்னைக் கூப்பிட்டிருக்காங்க. மடி வேணும், ஆளு வேண்டாம். மாப்ளதான் பேசுனாரு, வந்து உக்காருங்க மச்சான், கையில மட்டும் ஒண்ணும் கொண்டு வராதீங்கன்னு. அதுக்குப் பெறகு தங்கச்சி போன வாங்கி அந்தப் பை விசயத்தச் சொன்னா.

ஆனா ஒண்ணு சார். காது குத்துறப்பப் பிள்ள வீல்னு கத்தும். கத்துற வாயில தாய்மாமன் எதாச்சும் ஒரு இனிப்ப வைக்கணும். வழிவழியா அப்பிடித்தான். என் மடியில உக்காந்து அவ அழ, நான் வெறும் விரலையா வைப்பேன்? அதனால... நீங்க யாரோ எவரோ, உங்ககிட்டச் சொன்னா என்ன? இங்க பாருங்க, பையில இல்ல, பனியன் உள்பையில. தாம்பாளத்த எத்தனை தடவ சோதிச்சாலும் இது அவளுக்கு அகப்படாது.

பயப்படாதீங்க. இந்தத் தடவை நான் மூளையோடதான் வாங்கியிருக்கேன். பர்பியும் இல்ல, சுகர் ஃப்ரீயும் இல்ல. குளுக்கோஸ் பிஸ்கட்டு. குளுக்கோஸ்தான அவ உசுரத் திருப்பிக் குடுத்துச்சு? ஒத்துக்கும்னு டாக்டரம்மா வாயாலயே சொன்னாங்கல்ல? கடையிலயும் ரெண்டு தடவ கேட்டுட்டேன், குளுக்கோஸ்தானேன்னு. ஆமா அண்ணாச்சி, பேரே அதுதானேன்னாங்க. பின்பக்கம் மட்டும் படிக்கல. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன், எழுத்தும் கடுகு மாதிரி இருக்கு. உங்க மூக்குல கண்ணாடி இருக்கே, செத்த படிங்களேன். சும்மா ஒரு திருப்திக்கு.

கோதுமை மாவு. சரி. அடுத்தது?

சர்க்கரையா?

நல்லாப் பாருங்க சார். வண்டி குலுங்குது, மாத்திப் படிச்சிருப்பீங்க. மேல குளுக்கோஸ்னுதான போட்டிருக்கு. ம். ரெண்டாவதே சர்க்கரைதானா. அதுக்கு அடுத்து? இன்வர்ட் சிரப்பு. போதும். அது என்னன்னு நீங்க சொல்ல வேண்டாம், அது எங்க தொழிலு. சீனிப்பாகுல எலுமிச்சம்பழம் புழிஞ்சு உடைக்கிறது. பாகு பூத்துக் கட்டிதட்டாம இருக்கும். அத நான் தினமும் அடுப்புல நின்னு பண்றேன்.

குளுக்கோஸ்னுதான் போட்டிருக்கு.

அன்னைக்கும் பின்பக்கம் எழுதித்தான் இருந்துச்சு, என்ன? அலமாரிக் கதவுல கூட எழுதித்தான் இருந்துச்சு.

நான் சொன்னா அவ வாயத் தொறப்பா சார். இன்னைக்கும் தொறப்பா. ஒரு வருசமாப் பாக்கல, ஆஸ்பத்திரியில கிடந்தா, எல்லாந்தான். ஆனா மருமகளே, சீனி இல்லன்னு நான் காதுக்குள்ள சொன்னாப் போதும், கண்ண மூடிக்கிட்டுத் தொறந்துருவா. அப்புறம் என்ன கேட்டாலும் சொல்ல மாட்டா. அம்மா கேட்டாலும் சொல்ல மாட்டா, டாக்டரு கேட்டாலும் சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும். என் சேனை.

தண்ணி இருக்கா சார்? ஒரு மடக்குக் குடுங்க.

விலக்கு வந்துருச்சு. அந்தா, வேப்பமரத்தடியில நிக்கிறா பாருங்க. தங்கச்சி இல்ல, சீதா. பச்சச் சேலை. பையச் சோதிக்க அவள அனுப்பியிருக்காங்க போல. இருபத்தி ரெண்டு வருசமா என் பனியனத் துவைக்கிறவ, உள்பை இருக்குன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தங்கச்சிக்குப் பதிலா அவளே வந்து நிக்கிறா.

இந்தப் பொட்டலத்த நீங்களே வச்சுக்கங்க. வீட்டுல பிள்ளைக இருந்தாக் குடுங்க, நல்ல பிஸ்கட்டுதான். அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க, கனம் இல்ல, வெறுந்தாம்பாளந்தான.

ஒண்ணு சார். நான் இத வாங்கிட்டு வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிறாதீங்க.